பூரணத்துக்கு அளந்த குடை

அதைக் கொஞ்சம் இப்படித் தருகிறீர்களா சார்? பயப்படாதீர்கள், உடைத்துவிட மாட்டேன். இந்த மாதிரிச் சாமான்களோடு பழகிய கைதான்.

தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒன்று. முதுகில் குழாய். குழாய்க்குள் குடைக்கம்பு. ஆன்லைனில் வாங்கினீர்களா? சரிதான். பறவை படம் எடுக்கக் காமிராவுக்கு இரண்டு கையும் வேண்டும், மேலே வால்பாறையில் மழை விடாது, வேறு என்ன செய்வீர்கள். நல்ல பிளாஸ்டிக். நான் அலுமினியத்தில் செய்தேன்.

ஆமாம் சார், செய்தேன். பதினாறு வருஷம் ஆகிறது. இதேதான். இதைவிடக் கொஞ்சம் கனம்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, யாரோ என் யோசனையைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லப் போகிறேன் என நினைக்கிறீர்கள். இல்லை. யாரும் திருடவில்லை. திருடும் அளவுக்கு அது யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு நடந்தது வேறு. துரோகம். பெரிய வார்த்தைதான். யோசித்துத்தான் சொல்கிறேன்.

ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து நகர்த்த ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கண்டக்டர் சொல்கிறார். இந்த வளைவில் மழைக்காலத்தில் மரம் விழாத வருஷம் கிடையாது. உட்காருங்கள், சொல்கிறேன்.

என் பெயர் குருபாதம். குடப்பாறை எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர். படிப்பு ஏழாவதுதான். மிச்சமெல்லாம் மெஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. என் மனைவி பூரணம் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். போன வருஷம் இதே மாதம் போய்விட்டாள். ஆறு வருஷமாக நாங்கள் பொள்ளாச்சியில் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். ஆனாலும் குடப்பாறையில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். செய்தேன். நாளைக்குத் தலைத்திதி. அதற்குத்தான் போகிறேன். பூ வைத்துவிட்டு நாளை மத்தியான வண்டியில் இறங்கிவிடுவேன். லூர்து என்று ஒருத்தி அங்கே சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மூன்று தடவை ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள், ‘அண்ணன் நம்ம வீட்லதான் சாப்பிடணும்’ என்று. போகமாட்டேன் சார். அந்த வீட்டுப் படி நான் ஏறமாட்டேன்.

ஏன் என்று கேளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து மழை உங்களுக்குத் தெரியாது. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை. பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு சுற்றிக்கொண்டு, மேலே கூடைப் பட்டையை மாட்டிக்கொண்டு, நாள் பூராவும் நனைவார்கள். இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டும், குடையை எங்கே பிடிப்பது? பூரணம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, ஊறப்போட்ட அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். வாரம் ஒரு காய்ச்சல். காலில் அட்டைக் கடி. நான் ஃபேக்டரிக்குள் இருக்கிறவன். உலர்த்தும் அடுப்புப் பக்கம் வேலை, ஒரு சொட்டு படாது. இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நிற்க வைத்து நூலால் அளவெடுத்தேன். ‘ஏங்க, ரவிக்கை தைக்கப் போறீங்களா?’ என்று கேலி செய்தாள். இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவள், ஆனால் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவளுடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது. கூடை இழுத்த பக்கம். அதற்குத் தக்கபடி ஒரு பட்டையை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வைத்தேன். கடையில் வாங்குகிற சாமானில் அது வருமா சார்? உங்கள் பட்டையைப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு.

ஃபேக்டரியில் கழித்துப்போட்ட அலுமினியக் குழாய். பழைய மெஷின் பெல்ட்டை நெடுக்காகக் கிழித்துப் பட்டை. சாய்வை மாற்றிக்கொள்ள ஒரு திருகாணி, பட்டையைத் தளர்த்த ஒன்று. முதலில் குடையை உயரமாக வைத்தேன். மாட்டிக்கொண்டு, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டு வாசலில் நின்றாள் பாருங்கள், ஒரு காற்று அடித்தது, அவளை இரண்டு சுற்று சுற்றிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்து, சொன்னேனே அவள்தான், வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூரணத்துக்கு உயிர்ச் சிநேகிதி. வாய் அப்படி இருக்கும் அவளுக்கு.

‘அடியே பூரணம், உன் புருஷன் உன்னை நட்டு வெச்சுக் கூரையும் போட்டுட்டாருடி. ஒரு கதவு மட்டும் வெச்சா வாடகைக்கு விட்டுரலாம்!’

எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு காற்று தூக்காமல் இருக்கக் கம்பை ஒரு சாண் இறக்கினேன். குடை காதுக்குக் கொஞ்சம் மேலே, தலையை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. சாதாரணத் துணி இரண்டே நாளில் கிழிந்தது, அதனால் தார்ப்பாய்த் துணி போட்டேன். அப்புறம் எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. நாலு நாள் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நாலு நாளும் தலைமுடி உலர்ந்தே வீட்டுக்கு வந்தாள் சார். ஜூலை மாதத்தில்! முதல் நாள் சாயங்காலம் என்ன சொன்னாள் தெரியுமா?

‘உள்ள நின்னா மழையத் தவிர ஒண்ணுமே கேக்கலீங்க.’

நான் சிரித்தேன். தகரக் கூரை வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி என் வேலையைப் பாராட்டினது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதனால்தான் அந்த வார்த்தை அப்படியே நினைவில் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். ‘இது நம்ம வீட்டோட இருக்கட்டும்ங்க. ஆபீஸ்ல காட்ட வேணாம்.’ அடக்கம். அவள் சுபாவம் அப்படி.

நான் காட்டினேன். ஏன் காட்டக்கூடாது? அறுபது எழுபது பெண்கள் நனைகிறார்கள், என் வீட்டுப் பெண் மட்டும் நனையாமல் இருந்தால் போதுமா? மானேஜர் தானே மாட்டிப் பார்த்தார். ஆபீஸ் முற்றத்தில் மழையில் நடந்து பார்த்தார். ‘குருபாதம், இத்தனை நாள் எங்கய்யா இருந்தீர்?’ என்றார். அந்த வாரமே உத்தரவு வந்தது. அறுபத்து நாலு குடை. துணி மஞ்சள் நிறம், தூரத்திலிருந்து தெரியும். மேலே கறுப்புப் பெயின்டில் ஆளுக்கு ஒரு நம்பர். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்த பிறகு எல்லாருக்கும் முன்னால் எனக்குச் சால்வை போட்டார்கள். பூரணம் கூட்டத்தில் நின்றாள். அவளைப் பார்த்தேன். அவள் லூர்துவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. குடப்பாறையில் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எழுத்தில் கிடையாது. நிற்கிற இடத்திலிருந்து ஃபேக்டரிப் புகைக்கூண்டு தெரிகிறவரை கொழுந்து எடுப்பார்கள். மழை கனத்து, மூட்டம் இறங்கி, புகைக்கூண்டு மறைந்துவிட்டால் அவ்வளவுதான், யாரையும் கேட்க மாட்டார்கள், கூடையை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். மறுபடி தெரிந்தால்தான் வருவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படியாம். நான் புகைக்கூண்டுக்கு அடியிலேயே வேலை செய்தவன், எனக்கு அது எப்போதும் தெரியும். அதில் என்ன இருக்கிறதென்று நான் யோசித்ததே இல்லை. கொட்டகையில் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

குடை வந்த பிறகு அந்த வழக்கத்தை ஆபீஸில் நிறுத்தினார்கள். நனையவில்லையே, பிறகு எதற்கு நிற்க வேண்டும்? நியாயம்தானே. ஃபீல்டு ஆபீசர் தனராஜ் ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, உங்களிடம் இருக்கிறதே இதே மாதிரி பைனாகுலர், அதில் பார்ப்பார். எந்த நம்பர் நகர்கிறது, எந்த நம்பர் நகரவில்லை என்று. வேலை ஒழுங்காக நடக்கும் இல்லையா.

பெண்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். லூர்து மட்டும் முகத்துக்கு நேரே கேட்டாள்.

‘ஏண்ணே, நீங்க செஞ்ச குடைக்குள்ள இருந்து பாத்தா எப்பவுமே புகைக்கூண்டு தெரிய மாட்டேங்குதே. அதுக்கு ஒரு ஓட்டை வெச்சுத் தர மாட்டீங்களா?’

‘ஓட்டை வெச்சா ஒழுகுமேம்மா’ என்றேன். உண்மையாகவே விளக்கம் சொன்னேன் சார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அது முன்னே சிரித்த மாதிரி இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் அது நடந்தது. சோலைக் காட்டை ஒட்டின சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேய் மழை. காட்டுமாடு ஒன்று சோலையிலிருந்து இறங்கியிருக்கிறது. இங்கே அது புதிதில்லை. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் குரல் கொடுப்பார்கள், நிரை நிரையாக எல்லாரும் விலகி வழிவிடுவார்கள், அதுவும் தன்பாட்டுக்குப் போகும். அன்றைக்குப் பூரணம்தான் பார்த்தாள். லூர்து இரண்டு நிரை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பூரணம் கூப்பிட்டாள். லூர்து திரும்பவில்லை. பூரணம் தன் குடையைக் கழற்றப் பார்த்தாள். நனைந்த பட்டை இறுகியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துப் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அதற்குள் மாடு லூர்துவை முட்டிச் சரிவில் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பினாள்.

அந்தப் பட்டை, சார். நூல் வைத்து அளந்தது. ஒரு விரல் நீளம், ஒரு விரல் குட்டை. அவிழ்க்கத் தெரியாதா அவளுக்கு? திருகாணி எங்கே இருக்கிறது என்று எத்தனை தடவை காட்டியிருக்கிறேன்?

சரி, அதைக்கூட விடுங்கள். அவசரம். அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். லூர்து கவனக் குறைவாக இருந்தாளா, இல்லை, வேறு காரணமா என்று. கவனக் குறைவு என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும், எஸ்டேட்டில் அப்படித்தான். லூர்துக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பூரணம் அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

‘நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இதை மாட்டினா காது கேக்காதுன்னு.’

‘குடைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?’

‘நீங்க செஞ்சது. நீங்க சொன்னா ஏத்துக்குவாங்க.’

‘நான் செஞ்சது தப்புன்னு நானே போய்ச் சொல்லணுமா? சால்வை போட்ட ஆள் முன்னாடி?’

‘லூர்துக்கு வீடு போயிரும்ங்க.’

‘காட்டுமாடு வந்ததுக்கு நான் என்ன செய்யட்டும்?’

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

காலையில் மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடையில் கோளாறு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அவரே சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் எல்லாரும் நின்றோம். தனராஜ் என் கடிதத்தை வாசித்தார். சாட்சி யாராவது உண்டா என்று மானேஜர் கேட்டார். பூரணம் முன்னால் வந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டு, நேராக நின்று சொன்னாள்.

‘லூர்து மேல தப்பில்லீங்க சார். குடைதான் காரணம். உள்ள நின்னா மழையத் தவிர ஒண்ணுமே கேக்காது. மாடு வந்தப்ப நான் ஏழு தடவை கூப்பிட்டேன். ஏழு தடவை. அவளுக்கு ஒண்ணுகூடக் கேக்கல.’

‘குருபாதம் அப்படி எழுதிக் குடுக்கலையேம்மா’ என்றார் மானேஜர்.

‘அவருக்குத் தெரியும் சார். குடை மாட்டின முதல் நாளே அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார்.’

சார், ஒரு பெண் வீட்டுக்குள் புருஷனிடம் சொன்ன வார்த்தை. சாயங்காலம் தலை துவட்டிக்கொண்டே சொன்னது. அதை எடுத்துக்கொண்டு வந்து அறுபது பேர் முன்னால், ஆபீஸ் வராந்தாவில் வைத்தாள். நான் பாராட்டு என்று வைத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அதையே திருப்பி என் மேல் எறிந்தாள். இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வீர்கள்?

நான் அங்கேயே கேட்டேன், விடவில்லை. ‘ஏழு தடவைன்னு எப்படித் தெரியும்? மாடு வர்ற நேரத்துல எண்ணிக்கிட்டா இருந்தே?’

அவள் என்னைப் பார்த்தாள். முக்காட்டை மறுபடி போட்டுக்கொண்டாள். எண்ணிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் உண்டா சார்? நன்றாக இருக்கட்டும் என்று ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது ஏழு என்கிற அந்த எண்ணைத்தான். பொய் என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் அறுபத்து மூன்று பெண்களும் வரிசையாக வந்து ஆளுக்கொரு குடையைக் கீழே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள். யாரும் கத்தவில்லை. மஞ்சள் மஞ்சளாகக் குவிந்து கிடந்தது. நான்தான் பொறுக்கி ஸ்டோரில் போட்டேன். லூர்துக்கு வேலை போகவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வீடும் தங்கியது. புகைக்கூண்டு வழக்கமும் திரும்பி வந்தது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்தது. என் பேர் மட்டும் போனது.

மேலிடத்திலிருந்து கேட்டபோது மானேஜர், ‘ஃபிட்டர் தானாக் கொண்டு வந்தார், நாங்க கேக்கல’ என்று எழுதினாராம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பெரிய பொறுப்பில் இருக்கிறவர், அவருக்கு ஆயிரம் இருக்கும். பூரணத்துக்கு என்ன வந்தது?

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். பேசாமல் இல்லை. உப்பு, புளி, மகள் கல்யாணம், எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. அவள் குடையே பிடிக்கவில்லை, எந்தக் குடையும். பொள்ளாச்சியில்கூட மழையில் முந்தானையைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவாள். என்னைக் குத்திக் காட்டத்தான். கடைசியில் புதைக்கிற இடத்தையும் லூர்து இருக்கிற குடப்பாறையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மழை வலுக்கிறது பாருங்கள். அதோ, அந்தக் கிளையில் இரண்டு. இருவாட்சிப் பறவைதான். போங்கள், போங்கள், மரம் அறுக்க இன்னும் நேரமாகும். குடையை மாட்டிக்கொண்டு போங்கள். இருங்கள், இடது பட்டையைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறேன். ம். இப்போது சரி.

*

உட்காருங்கள் சார், உட்காருங்கள். இந்தாருங்கள் துண்டு. எனக்கு வேண்டாம், நான் நனைந்தால் பரவாயில்லை. முதலில் உங்கள் காமிராவைத் துடையுங்கள்.

கண்டக்டர் திட்டினதை மனதில் வைக்காதீர்கள். நினைத்ததைவிடச் சீக்கிரம் மரத்தை நகர்த்திவிட்டார்கள், பின்னால் அத்தனை வண்டி நிற்கிறது. அவர் மூன்று விசில் அடித்தார். நீங்கள் அசையவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார். அதற்கும் இல்லை. நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டேன், ‘சார், வண்டி எடுக்கிறாங்க’ என்று. பத்தடி தூரம்கூட இருக்காது. உங்கள் முதுகுதான் தெரிகிறது. குடைக்குக் கீழே கழுத்து தெரிகிறது. நீங்கள் பாட்டுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். படியில் இறங்கி நின்று கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பிறகுதான் ஓடிவந்து தோளைத் தொட்டேன். நீங்கள் திரும்பி என்ன கேட்டீர்கள்?

‘என்னங்க, கூப்பிட்டீங்களா?’

இல்லை சார், உங்கள் மேல் கோபமில்லை. கேட்டிருக்காது. தெரியும். உங்களுடையது மெல்லிய துணிதான், அதற்கே கேட்கவில்லை.

நான் எண்ணவில்லை சார். எண்ண வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஆள் திரும்பவில்லையே, திரும்பவில்லையே என்று இருக்கும்போது அது தானாக உள்ளே எண்ணிக்கொண்டு போகிறது.

ஏழு.

...

ஜன்னலை இறக்கிவிடுங்கள், சாரல் அடிக்கிறது.

குடப்பாறை ஸ்டாப்பில் என்னை இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டருக்கு நினைவுபடுத்துங்கள், எனக்குக் கண் அசந்தாலும் அசந்துவிடும். அங்கிருந்து மேல் லைனுக்கு ஏற வேண்டும். லூர்து வீடு கடைசி வீடு. இடுப்பு சரியில்லாதவள், நான் வருகிறேனா என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள். நான் கீழே நின்று கூப்பிட்டால் இந்த மழையில் அவளுக்குக் கேட்காது. படியேறித்தான் கூப்பிட வேண்டும்.